மூன்றாம் குவார்ட்டரில் விழுந்தவள்

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்த கோடை விடுமுறையில், நான் மாநில நெட்பால் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தேன். நெட்பால் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் அப்பாவே, "பாஸ்கெட்பால் மாதிரி ஏதோ ஒண்ணு" என்றுதான் சொல்வார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்திலேயே நின்று, மூன்று விநாடிக்குள் அடுத்தவளுக்கு எறிந்துவிட வேண்டும். முழு வேகத்தில் ஓடி வந்து, எகிறிப் பந்தைப் பிடித்து, இறங்கிய காலிலேயே சடாரென்று நின்றுவிட வேண்டும். கணுக்காலும் முழங்காலும் எத்தனை நாள் தாங்கும்? எங்கள் பன்னிரண்டு பேரில் காலிலோ விரலிலோ பிளாஸ்திரி சுற்றாத ஒருத்திகூட இல்லை.

அந்த வருடம் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. அடையாற்றில் ஒரு பள்ளியின் சிமென்ட் தளத்தில் ஆட்டம். தங்குவதற்கு மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம் கொடுத்திருந்தார்கள். வீடு பத்து நிமிட நடைதான் என்றாலும் அணியோடுதான் தங்க வேண்டும் என்பது கட்டளை. மே மாதம். காலை ஏழு மணிக்கே சிமென்ட் சுட ஆரம்பித்துவிடும்.

எங்கள் அணியின் சென்டர் எனக்கு உயிர்த்தோழி. நெட்பாலில் தளத்தின் இரு பக்கமும் ஓடி ஓடி ஆட வேண்டிய இடம் அது. நான் கோல் டிஃபென்ஸ், எதிரணி கூடையில் போடாமல் தடுக்கும் இருவரில் ஒருத்தி. நான் பறிக்கும் பந்து முதலில் அவள் கைக்குத்தான் போகும். அவளுடைய அத்தா தி. நகரில் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் அணி முழுவதற்கும் வெள்ளை மடிப்புப் பாவாடை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அளவெடுக்கும்போது டேப்பைக் கையில் கொடுத்து, மகளையே எங்களுக்கு அளவெடுக்கச் சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வார். அவ்வளவு கூச்சம்.

மைதானத்தின் பின்மூலையில் எங்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. மேலே கூரையும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின்மேல் நிற்கிறவர்களுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். பள்ளிக் கட்டடத்துக்குள் நல்ல கழிப்பறைகள் வரிசையாக இருந்தன. விடுமுறை என்று அந்த வராந்தாவின் கிரில் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள் ஒருத்தி காவல் நிற்க, ஒருத்தி உள்ளே போனோம். மேலேயிருந்து விசில் வந்தது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. விடியற்காலை மண்டபத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அதன் பிறகு மதியம் திரும்பும்வரை ஒன்றும் கிடையாது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி, அப்படியே பன்னிரண்டு பேரும் செய்தோம். கோச்சுக்கும் அது ஒத்துப்போயிற்று. புதுப்பேட்டைக்காரர், பழைய ஆட்டக்காரர், எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தவர். "தண்ணி குட்ச்சா வவுறு கனக்கும்மா. வாயக் கொப்ளிச்சுத் துப்பு, போதும்" என்பார். நாங்கள் கொப்பளித்துத் துப்பினோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இரண்டாம் நாள் ஆட்டத்தில் என் தோழிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எதிராளியின் பாதத்தின்மேல் இறங்கிவிட்டாள். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வைத்தோம். சாயங்காலத்துக்குள் கால் பன்னாக வீங்கிவிட்டது.

"கோச்சுகிட்ட சொல்லாதடி. நாளைக்கு உக்கார வெச்சுடுவாரு" என்றாள்.

நான் சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு ஓடிப் போய், அம்மா முழங்கால் வலிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து வந்தேன். அம்மா ஒரு வேளைக்கு ஒன்று போடுவாள். நான் தோழிக்கு இரண்டு இரண்டாகக் கொடுத்தேன். அன்று மாலை இரண்டு, படுக்கும் முன் இரண்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரண்டு. "வலியே இல்லடி, பறக்கலாம் போல இருக்கு" என்று ஒற்றைக் காலில் குதித்துக் காட்டினாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்றாம் நாள் அரையிறுதி. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று தள்ளிப்போய், பதினோரு மணிக்குத் தொடங்கியது. மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அன்று மாதவிலக்கு வேறு. வெள்ளைப் பாவாடையில் கறை தெரிந்துவிடும் என்ற பயத்தில் அந்த நாட்களில் நாங்கள் உள்ளே இரண்டு மூன்று ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வோம். அவள் மூன்று போட்டிருந்தாள்.

நான்கு குவார்ட்டர்கள் கொண்ட ஆட்டத்தில் முதல் இரண்டில் அவள் ஆடியதைப் போல அதற்கு முன்பு ஆடி நான் பார்த்ததில்லை. மூன்றாம் குவார்ட்டரில் நான் எறிந்த பந்தைப் பிடித்து, திரும்பி, நேராக எதிரணிப் பெண்ணின் கையில் கொடுத்தாள். தவறிப்போய் எறியவில்லை, கொடுத்தாள். நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆளே இல்லை.

பக்கத்தில் போனேன். "என்னடி ஆச்சு?"

"நம்ம கூடை எந்தப் பக்கம்?" என்றாள்.

சிரிக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அவள் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கையைப் பிடித்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. கையை உதறியபடியே இரண்டு அடி நடந்தாள். பிறகு முழங்கால்கள் மடிய, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். தலை சிமென்டில் மோதிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. தொடைத் தசைகள் தோலுக்கு அடியில் தனித்தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

கோச் ஓடி வந்து தலையில் தண்ணீர் ஊற்றினார். "ஒண்ணியும் இல்லமா, ஒண்ணியும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரிசர்வில் இருந்த இரண்டு பெண்கள் அவளைத் தூக்கி, அமைப்பாளர் ஒருவரின் அம்பாசிடரில் ஏற்றி, ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கார் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவர் விசில் அடித்தார். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போனேன். மீதி ஆட்டத்தை முழுதாக ஆடினேன். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கட்டிப்பிடித்துக் குதித்தோம். நானும் குதித்தேன்.

மருத்துவமனைக்குப் போனபோது என் சட்டைமேல், கோல் டிஃபென்ஸைக் குறிக்க ஜிடி என்று எழுதிய மேல்துணி அப்படியே இருந்தது. அவளைச் சுற்றிலும் ஐஸ் வைத்து, மேலே மின்விசிறியை ஓடவிட்டிருந்தார்கள். கண் மூடிக் கிடந்தாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதில் கொஞ்சமாக, அடிமட்டத்தில், காபி டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. மருந்து என்று நினைத்தேன்.

"அது மருந்து இல்லம்மா. அவ யூரின்" என்றார் டாக்டர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, கண்ணாடி போட்ட பெண்மணி. "காலைலேர்ந்து என்ன குடிச்சா?"

"ஒண்ணும் குடிக்கல டாக்டர்."

"ஒண்ணுமேவா? இந்த வெயில்ல? ஏன்?"

அவளைக் காரில் கொண்டுவந்த இருவருக்கும் அதைச் சொல்லக் கூச்சம். நான்தான் சொன்னேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு, சாரத்தின்மேல் நின்றவர்கள், விசில், பூட்டிய கிரில். சொல்லிக்கொண்டே போகும்போது எனக்கே அது முதல்முறை கேட்பதுபோல் இருந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளா. பயிற்சி முகாம்லயும் இப்படித்தான்."

"வேற ஏதாவது மாத்திரை போட்டாளா?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினேன். "நான்தான் குடுத்தேன். கால் வலிக்கு."

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதிகமான சூட்டுல தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்கும்மா. அதை வெளிய தள்ளறது கிட்னியோட வேலை. உடம்புல தண்ணியே இல்லாம அது எப்படித் தள்ளும்? அந்த நேரத்துல இந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைச்சிடும். ரெண்டு கிட்னியும் இப்ப வேலை செய்யல." காலி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "டயாலிசிஸ் பண்ணணும்" என்றார்.

டயாலிசிஸ் என்பது வயதானவர்களுக்குச் செய்வது என்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயது. காலையில் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டியவள்.

டாக்டர் எனக்கு ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, "நீயும் போய்ட்டு வா" என்றார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தது, எரிந்துகொண்டு வந்தது, மஞ்சள்பொடியைக் கரைத்ததுபோல் இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர், "உங்க டீம்ல எல்லாரையும் இன்னிக்கே வரச்சொல்லு" என்றார்.

சாயங்காலம் பன்னிரண்டு பேரில் மீதிப் பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். ஐந்து பேருக்குச் சிறுநீர்த் தொற்று. அதில் ஒருத்தி இரண்டு நாளாகக் குளிர்க் காய்ச்சலோடு ஆடியிருந்தாள். நெற்றியைத் தொடவிடாமல் எங்களிடமிருந்து தப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்னொருத்திக்குச் சுண்டு விரல் எலும்பில் கீறல். பிளாஸ்திரி சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சேர்ந்து தூங்கிச் சேர்ந்து சாப்பிட்ட நாங்கள், ஒருத்தியிடமிருந்து ஒருத்தி எதையெல்லாம் ஒளித்திருக்கிறோம் என்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது.

கோச் ஒவ்வொரு பெயராக டாக்டர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"யாருமே எங்கிட்ட சொல்லலியேம்மா?"

"உங்ககிட்ட எப்பிடி சார் சொல்றது?"

அவர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

அவளுடைய அத்தா கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். அளவு டேப் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், மாத்திரை, மாதவிலக்கு, வெள்ளைப் பாவாடைக்குள் போட்டிருந்த மூன்று ஷார்ட்ஸ் உட்பட. நான் அவர்முன் போய் நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"தண்ணி குடிக்காமயாம்மா ஆடுனீங்க?" என்றார். "நான் கலர்த் துணியில தச்சுத் தந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அதுவரை பெண்களின் அளவைக்கூடத் தன் கையால் எடுக்காத மனிதர் அவர். அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அம்மா மட்டும் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் என்னுடன் பேசவில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "நேத்துலேர்ந்து மாத்திரைய ஆத்துல தேடிண்டிருக்கேன். நீயா எடுத்தே?" என்று ஆரம்பித்தவள், முழுக்கக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இத்தனை நாளா தண்ணி குடிக்காமயா ஆடிண்டிருந்தே?" என்று என் தோளை இறுக்கிப் பிடித்துக் கேட்டாள். அவள் அழுததைவிட, முகாம் நாட்களில் தினமும் என் பையைத் தயார் செய்தவளுக்கு இது தெரியாமல் போனதே என்று அவள் திகைத்து நின்றதுதான் என்னால் பார்க்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை இறுதி ஆட்டம். டாக்டர் கொடுத்த மாத்திரைகளோடும் தண்ணீர்ப் பாட்டில்களோடும் ஆடக்கூடிய ஏழு பேர் மட்டும் போனோம். விசில் அடித்ததும் நாங்கள் தளத்தின் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டோம். மண்டபத்திலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தோம்.

அமைப்பாளர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது, தர்ணாவா? சீஃப் கெஸ்ட் வந்துகினு கீறாரு!"

"அந்த கிரில் கேட்டத் தொறந்து விடுங்க சார். ஆடறோம்" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது.

"சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட கீது. அவரு ஊர்ல இல்ல. இப்ப அதுக்கு இன்னா அவசரம்?"

எதிரணி வடக்கேயிருந்து வந்தவர்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுடைய கேப்டன் என்ன விஷயம் என்று கையால் கேட்டாள். நான் மூலையிலிருந்த கூரையில்லாத அறையைக் காட்டினேன், பூட்டிய கேட்டைக் காட்டினேன். அவ்வளவுதான். அவள் தன் பெண்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். ஏழு பேரும் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். அவர்களும் மூன்று நாளாக அதையேதான் செய்திருக்கிறார்கள். ஒருத்தி என் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தாள், கொடுத்தேன், மூச்சுவிடாமல் பாதியைக் குடித்தாள்.

அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் கோச் எழுந்தார். கூடைக் கம்பத்தை முடுக்கும் பெரிய ஸ்பேனர் ஒன்று தளத்தின் ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். அமைப்பாளர், "யோவ், இன்னா பண்றே?" என்று பின்னாலேயே ஓடினார். பூட்டின்மேல் மூன்று முறை ஓங்கி அடித்தார். பூட்டு தெறித்து விழுந்தது. கேட்டை இழுத்துத் திறந்துவிட்டு, எங்களைப் பார்க்காமல், "போங்கம்மா" என்றார். பதினான்கு பேரும் போனோம். கடைசிப் பெண் வெளியே வரும்வரை வராந்தாவின் வாயிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். பூட்டை உடைத்ததற்காக விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு அணிக்கு வேறு கோச்சைப் போட்டார்கள்.

அவளுக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை, பையில் வெளிர் மஞ்சளாகச் சிறுநீர் நிரம்பியிருந்தது. நர்ஸ் அதைக் கல்யாணச் செய்தி மாதிரி வராந்தாவில் நின்றிருந்த எங்களிடம் வந்து சொன்னாள். அவளுடைய அத்தா தூணில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு படிப்படியாகச் சரியாகிவிட்டது. ஆனால் வெயிலில் இனி ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். கை கால் எல்லாம் குச்சியாகியிருந்தன. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஆரம்பித்தேன். "அந்த மாத்திரைய நான் குடுத்திருக்கக் கூடாதுடி..."

"அத விடு" என்றாள். "நீ குடுக்கலன்னா கடையில வாங்கிப் போட்டிருப்பேன். அது ஒண்ணும் இல்ல." பாவாடை நுனியைத் திருகினாள். "கார்ல ஏத்தும்போது எனக்கு லேசா நெனவு இருந்துச்சு. நீ வருவேன்னு பாத்தேன். நீ திரும்பி ஆடப் போயிட்டே."

ஒரு மாதமாக நான் எதையெல்லாமோ எண்ணிக் குமைந்திருந்தேன், மாத்திரை, தண்ணீர், கால் வீக்கத்தை மறைத்தது. இது என் பட்டியலிலேயே இல்லை. ஆட்டம் நடக்கும்போது ஆடாமல் வேறு ஏதாவது செய்யலாம் என்பதே எனக்கு அந்த மைதானத்தில் தோன்றியிருக்கவில்லை.

"ஜெயிச்சோம்டி" என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் கூசிவிட்டது.

"எத்தன கோல்ல?" என்று கேட்டாள்.

"ஒண்ணுல."

"கடைசி கோலு யாரு போட்டா?"

சொன்னேன். யாரிடமிருந்து பாஸ் வந்தது, எந்த ஓரத்திலிருந்து எறிந்தாள், பந்து வளையத்தில் எத்தனை சுற்றுச் சுற்றி விழுந்தது என்று எல்லாவற்றையும் கேட்டாள். இருட்டும்வரை ஆட்டம் முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் விழுந்த இடம் வந்தபோது, "அத வுட்டுட்டு மேல சொல்லு" என்றாள்.